திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலா படித்தாள் பிலிப்பா. படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் நீளமான பதில் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உகுலேலே என்ற குட்டி கிட்டார் கற்றுத்தருவது. சனிக்கிழமைகளில் திராட்சைத் தோட்டக் கல்யாணங்களில் மணப்பெண் நடந்து வரும்போது வாசிப்பது. சிட்னியிலிருந்து அழைப்பு வந்தால் இரண்டரை மணி நேரம் ரயிலில் போய், பெரிய இசைக்குழு ஒன்றில் யாராவது விடுப்பெடுத்த நாற்காலியில் உட்காருவது. ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. கூடப் படித்தவர்களில் ஒருத்தி முதியோர் இல்லத்தில் இசை சிகிச்சை கொடுக்கிறாள். எல்லாரையும் விடக் கெட்டிக்காரனாக இருந்தவன் நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். அவன்தான் நிம்மதியாக இருக்கிறானாம்!

அந்த இசைக்குழுவில் பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு வயோலா இடம் காலியானது. நிரந்தர வேலை. பிலிப்பாவுக்கு முப்பத்தாறு வயது. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்? விண்ணப்பித்தாள். வயோலாக்காரர்களுக்குத் தலைவரான கார்ஸ்டன், ஒவ்வொரு முறையும் அவளை அழைப்பவர், அவரிடம்கூட மூச்சு விடவில்லை. தேர்வுக் குழுவில் அவரும் இருக்கிறார். முன்கூட்டிச் சொன்னால் சிபாரிசு கேட்டதாக ஆகிவிடும்.

அப்பா நெவில்தான் காரில் கொண்டுபோய் விட்டார்.

"ஏம்மா, பெரிய வயலினை எடுத்துக்கிட்டியா?"

"வயோலாப்பா. இருபது வருஷமா சொல்றேன்."

"வயலினைத் தண்ணில ஊறப்போட்டா இப்படித்தானே உப்பும்? சரி சரி, முறைக்காத. நல்லா வாசி கண்ணு."

தேர்வு திரைக்குப் பின்னால். வாசிப்பவர் யாரென்று குழுவுக்குத் தெரியாது, பெயர்ப் பட்டியலும் அலுவலகத்தைத் தாண்டாது. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்காதிருக்கத் தரையில் கம்பளம். பேசக்கூடாது, இருமக்கூட யோசிக்க வேண்டும். பிலிப்பாவுக்கு ஏழாம் எண்.

முதல் சுற்றில் பதினாலு பேர். இரண்டாவதில் நாலு பேர். மூன்றாவது சுற்றுக்கு அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். ஒரு சுரம் தவறவில்லை, ஒரு தாளம் பிசகவில்லை. முடித்து, வில்லைத் தளர்த்தி, அறையில் காத்திருந்தாள். நாற்பது நிமிஷம்!

அலுவலகப் பெண் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே பிலிப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தத் தடவை யாரையும் எடுக்கலன்னு முடிவு பண்ணிட்டாங்க. மன்னிச்சுக்கோங்க."

போட்டியில் மிஞ்சியவள் ஒருத்தி, அவளும் வேண்டாமாம். வேறொருத்தியிடம் தோற்றிருந்தாலாவது அவளைத் திட்டித் தீர்த்திருக்கலாம். திரும்பும் வழியில் அப்பா காரை நிறுத்தி, இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று வாங்கிக் கொடுத்தார், அதன் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அழுதாள்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. கார்ஸ்டன்.

"பிலிப்பா, அடுத்த மாசம் முழுக்க வர முடியுமா? அந்தக் காலி இடத்துலதான் உட்காரணும்."

அவள் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு? தேர்வுக்கு நீ வருவேன்னு நினைச்சேன். ஒவ்வொரு எண்ணும் வாசிக்கும்போது இது நீயா இருக்கணுமேன்னு காது வெச்சுக் கேட்டேன் தெரியுமா?"

"யாருமே சரியில்லையா?"

"ஏழாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சு. சுத்தமான வாசிப்பு, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா யாரோட முதுகுக்கோ பின்னால ஒளிஞ்சு வாசிக்கிற மாதிரி. ஆளே தெரியல. அப்படிப்பட்டவங்களுக்கு எப்படி ஆயுசுக்கும் வேலை குடுக்கிறது? நான்தான் முதல்ல வேண்டாம்னேன்."

பிலிப்பா சுவரில் சாய்ந்தாள். தற்காலிகமாக வந்து உட்காருபவரின் சத்தம் தனியாகக் கேட்டால் மறுமுறை அழைப்பு வராது. ஒன்பது வருஷமாக அதைத்தான் பழகினாள், பக்கத்து வில்லோடு தன் வில்லைக் கரைத்துக் கரைத்து. தனியாக நின்றபோதும் கை அதையே செய்திருக்கிறது. அது நான்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவரும் கூசிப்போவார், அந்த ஒரு மாதமும் போகும், அதற்கப்புறம் அழைப்பும் போகும். அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"உன்னை ஏன் எப்பவும் கூப்பிடறேன் தெரியுமா?" என்றார் கார்ஸ்டன், அன்போடு. "நீ உட்கார்ந்திருக்கிறதே தெரியாது. அவ்வளவு பாந்தம். அடுத்த தடவை கட்டாயம் வா, என்ன?"

"சரி கார்ஸ்டன்," என்றாள் பிலிப்பா. "ஒத்திகை எத்தனை மணிக்கு?"