ஒற்றை ஷூவோடு வந்தவர்

காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு, என் மகளின் இடது கால் ஷூ மட்டும் ஒரு மோட்டார் பைக்கில் வந்து சேர்ந்தது. திருச்செந்தூரைத் தாண்டி ஒரு கடற்கரை ஊர். போன கோடை விடுமுறையில் இரண்டு நாள் தங்கலாம் என்று குடும்பத்தோடு போயிருந்தோம். ஓடப் போன பிள்ளையைக் காணோமே என்று லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுக்குச் சங்கரன்கோவில். மகள் அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். பள்ளி சார்பில் மூவாயிரம் மீட்டர் ஓடுகிறவள். லீவு நாளிலும் ஓட்டத்தை விடக் கூடாது என்பது பி.டி. மாஸ்டர் உத்தரவு. ஊரில் விடிந்ததும் கரிவலம் ரோட்டில் ஓடுவாள். பின்னாலேயே நான் ஸ்கூட்டரில் போவேன். எதிரே வருகிற வண்டியை எல்லாம் ஒரு தடவை முறைத்துவிட்டுத்தான் விடுவேன். "அப்பா, அது பால் வண்டி" என்பாள். பால் வண்டியாக இருந்தால் என்ன? என் சுபாவம் அப்படி.

அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை, ஓடுவதற்குத் தோதான இடம் தேடி இரண்டு பேரும் அலைந்தோம். மெயின் ரோட்டில் லாரி. தெருவுக்குள் நாய். மேட்டு மணலில் கால் புதைந்தது. கடைசியில், அலை வந்து போகிற ஈர மணல்தான் கெட்டியாக இருந்தது. அதிலேயே தெற்கே போனால் பக்கத்து ஊர் மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரம். அதுவரை போய்த் திரும்பினால் கணக்கு சரியாக வரும் என்றாள். நடுவில் ஒரு சிற்றாறு கடலில் சேர்ந்தது. இறங்கிப் பார்த்தோம், கணுக்கால் அளவு தண்ணீர். நான் குளத்தைப் பார்த்து வளர்ந்தவன். போகும்போது கணுக்கால் என்றால் வரும்போதும் கணுக்கால்தான் என்று இருந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஒருவர், கட்டம் போட்ட சாரம், அதாவது லுங்கி, கட்டியவர், "பாப்பா எந்தப் பக்கமா ஓடும்? எத்தன மணிக்கு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண் பிள்ளை எத்தனை மணிக்குத் தனியாகப் போவாள் என்பது இவருக்கு எதற்கு? "இன்னும் முடிவு பண்ணல" என்றேன். அவர் மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டர் இல்லை. முழங்கால் வலியோடு மணலில் அவள் பின்னால் ஓடவும் முடியாது. அதனால் வழக்கமான பாடத்தைச் சொல்லி அனுப்பினேன். "யாரு கூப்பிட்டாலும் போகாத. எங்க அப்பா நேர்ல வந்தாத்தான் வருவேன்னு சொல்லிரு." சின்ன வயதிலிருந்தே இதைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன். ஒரு மழை நாளில் என் அலுவலக நண்பர் காரோடு போய்க் கூப்பிட்டும் ஏறாமல், நான் போகும்வரை பள்ளி வாசலில் நனைந்துகொண்டு நின்றவள் அவள். அன்று அவளுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

ஷூவோடு வந்து நின்றவர் அந்தச் சாரக்காரர்தான்.

"அண்ணாச்சி, ஏறுங்க. ஒங்க பிள்ள ஆத்துக்கு நடுவுல திட்டுல நிக்கு. தண்ணி ஏறிட்டு. வள்ளத்துல ஏறுன்னா ஏற மாட்டேங்கு. அப்பா வந்தாத்தான் ஏறுமாம். இதக் காட்டுனா நம்புவாங்கன்னு கழட்டி எறிஞ்சிச்சு."

நான் நம்பவில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லிப் பெற்றோரைக் கூட்டிப் போகிற கதைகள் வாட்ஸ்அப்பில் எத்தனை வருகின்றன. ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈரம், மணல். ரத்தம் எதுவும் இல்லை. செல்போனை எடுத்து பைக்கின் நம்பரைப் படம் பிடித்தேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூஞ்சியையும் எடுத்துக்கிடும். வெரசா எடும்வே, தண்ணி ஒமக்காக நிக்காது."

நம்பாமலேதான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கடற்கரைக்குப் போகாமல் சவுக்குத் தோப்புக்குள் திரும்பியது.

"கடல் அந்தப் பக்கம்லா இருக்கு?"

"மணல்ல பைக்கு போவுமா?"

நியாயமான பதில். நியாயமாகப் பேசுகிற ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. தோப்பின் நடுவில் வண்டி நின்றது. மரங்களுக்குள்ளிருந்து இன்னொரு ஆள் வந்தார், தோளில் கயிற்றுச் சுருள். எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நான். முதுகில் அந்தக் கயிறு உரசியது. அறையில் இருந்த மனைவிக்குப் படத்தை அனுப்பி, 'பிள்ளையைக் கடத்திட்டாங்க, சவுக்குத் தோப்பு, போலீஸுக்குச் சொல்லு' என்று அடித்தேன். பாதி எழுத்து தப்பு.

"யாருக்கு அண்ணாச்சி மெசேஜு?"

"வீட்டுக்கு."

"மாத்துத் துணி கொண்டாரச் சொல்லுங்க. பிள்ள நனைஞ்சிருக்கு."

தோப்பு முடிந்த இடத்தில் ஆறு தெரிந்தது. நேற்று நாங்கள் நடந்து கடந்த ஆறா என்று எனக்கே சந்தேகம். கடல் உள்ளே ஏறி அகலமாகப் புரண்டுகொண்டிருந்தது. திரும்பி வரும்போது பாதி ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறியவள், முன்னாலும் பின்னாலும் ஆழமாகிவிட, அங்கேயே நின்றுவிட்டாள். அந்த மேடு ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் சின்ன வள்ளம், அதில் துடுப்போடு ஒருவர். கிட்டே வராதீர்கள் என்று என் மகள் அவருக்கு எதிரே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கத்தினாள். "அப்பா, இவங்களோட வரட்டுமா?"

அப்போதும் நான் வள்ளத்துக்காரர் முகத்தைத்தான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டுவிட்டது. சாரக்காரர் என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"சொல்லும்வே."

"ஏறு மக்கா. ஏறு, ஏறு."

அடுத்த நொடி ஏறிவிட்டாள். அதற்குள் இழுப்பு பலமாகி வள்ளம் சுழன்றது. துடுப்பு எடுபடவில்லை. சாரக்காரர் கயிற்றின் ஒரு முனையோடு மார்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய் வள்ளத்தின் முன்பக்கம் கட்டினார். மறுமுனையை நானும் தோப்பில் ஏறியவரும் இழுத்தோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. வள்ளம் கரை தட்டியதும் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற மேடு எது என்றே தெரியவில்லை.

அவளை இறுகப் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்ட உடனே ஏறாம என்னட்டி செஞ்ச?" என்று திட்டினேன்.

பல் தந்தியடிக்க, "நீங்கதானப்பா சொன்னீங்க" என்றாள்.

சாரக்காரருக்குச் சிரிப்பு. "நேத்தே சொல்ல வந்தேன், காலையில தண்ணி ஏறும்னு. அப்பனும் மகளும் ஒரே அச்சு."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். தோப்புக்குள் ஜீப் சத்தம் கேட்டது. மனைவி இறங்கி ஓடி வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே ஒரு பெண் எஸ்.ஐ., கையில் என் மனைவியின் செல்போன். பைக் நம்பரைச் சத்தமாகப் படித்துவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளையக் கடத்துனது இதுல யாரு?"

சாரத்தைப் பிழிந்துகொண்டிருந்தவருக்கு நம்பர் மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். "நம்ம வண்டிதான் மேடம்" என்று கையைத் தூக்கினார்.

நடந்ததை எஸ்.ஐ.யிடம் நான்தான் சொன்னேன், சாரக்காரர் முன்னாலேயே. இன்றைக்கும் முன்பின் தெரியாத ஒருவர் என் மகளிடம் பேசினால் எனக்கு உடம்பு விறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் முகத்தை அளக்கத் தொடங்கும்போதே, தண்ணீர் சொட்டச் சொட்ட உயர்ந்த அந்தக் கை குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.