பலாப்பழத்தை உதைத்த கால்

"ராத்திரி பூராவும் உதைக்கிறீங்க" என்று மனைவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானா, தூக்கத்திலா? அவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டி, அவளுக்குத் தூக்க மாத்திரை வாங்கக் கொல்லிமலையிலிருந்து பஸ் ஏறினேன். மிளகு பறித்த அலுப்பில், செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே தூங்கிவிட்டேன்.

அடிவாரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் என்னை எழுப்பினார்.

"ஏனுங்க, மலை பூரா என் பலாப்பழத்தை உதைச்சுக்கிட்டே வாரீங்களே, கால் வலிக்கலீங்களா?"

குனிந்து பார்த்தேன். பாதமெல்லாம் முள் கீறல்! பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன்.

மருந்துக்கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரத்தம் சோதித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டம்மாவுக்கு மாத்திரை வேண்டாங்க, உங்களுக்குத்தான். இரும்புச்சத்து கம்மியா இருக்குது, அதனாலயும் தூக்கத்துல கால் உதைக்குமுங்க. முதல்ல அதைச் சரிபண்ணுவோம். அப்பவும் கால் அடங்கலீன்னா, நரம்புக்கு வேற மருந்து இருக்குதுங்க."

சில மாதங்களில் கால் அடங்கியது. மனைவி இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

கட்டியவள் ஒரு வருடம் சொன்னதை, ஒரு பலாப்பழம் சொன்ன பிறகுதான் நம்பினேன். பாதத்துக் கீறல் ஆறிவிட்டது; மனசில் விழுந்த அந்தக் கீறல் மட்டும் இன்னும் ஆறவில்லை.