கருநீலக் கோட்டின் உள்பை

பையைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியையும் அண்ணி சலவை இயந்திரத்துக்குள் போடமாட்டார். சட்டையென்றால் இரண்டு விரல், கால்சட்டையென்றால் முழுக் கை. பையை வெளியே இழுத்து நாக்கு மாதிரித் தொங்கவிட்டு, மூலையில் ஒட்டிய பஞ்சை ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டு மறுபடி உள்ளே தள்ளுவார். சாவி வரும், பேனா வரும், ஒருமுறை ஒரு பல்செட்டே வந்தது. "வாய் ஆயிரம் சொல்லும், பாக்கெட்டைக் கேட்டாத்தான் உண்மை தெரியும்" என்பது அண்ணியின் கட்சி.

அந்தச் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர் அவருடைய கொழுந்தனார். அவர் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் இவர் அண்ணியாகிவிட்டார். பல் டாக்டருக்கும் அண்ணி, தலைமையாசிரியைக்கும் அண்ணி. வயது ஐம்பத்தெட்டு.

முன்மேசைக்குப் பின்னால் ஓர் அலமாரி. அதில் பைகளிலிருந்து கிடைத்த கையடக்க வீடியோ கேம்கள், பதினோரு உருப்படி. முதலில் நிற்பது மணி காட்டிக்கொண்டே ஒரே ஓர் ஆட்டம் மட்டும் ஆடத் தெரிந்த தட்டைப் பெட்டி. சட்டைப் பையில் வந்தது. அடுத்தது நாலு பேட்டரி போடும் சாம்பல் நிறச் செங்கல், பாசி பிடித்தாற்போல் பச்சைத் திரை. அப்புறம் ஆறு பேட்டரியை ஒரே மத்தியானத்தில் தின்று தீர்க்கும் வண்ணத்திரைக் குண்டன். எந்தப் பையிலும் அடங்காமல் தலையணை உறைக்குள் வந்து சேர்ந்தான். பிறகு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் கண்ணாடி உடம்புக்காரன், மூடி வைக்கும் மடக்குப் பெட்டி, குச்சியால் தொடும் இரட்டைத் திரை. அதோடு வரிசை நின்றுவிட்டது.

"அப்புறம் எல்லார் பாக்கெட்லயும் போன் வந்து உக்காந்துக்கிச்சு. போனை மறந்து போட்டா பத்தே நிமிஷத்துல ஓடி வந்துடறாங்க" என்பார், குறைப்பட்டுக்கொள்வது போல.

துணியோடு சேர்த்துத் திருப்பித் தராமல் எதற்காக வைத்திருக்கிறார் என்று கேட்டால் கோபம் வரும். ஒவ்வொன்றையும் திருப்பித் தரத்தான் பார்த்தார். துணி வாங்க வருவது அம்மா அல்லது அப்பா. "ஐயோ, இது எங்க வீட்டுது இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். பிள்ளை ஒளித்து வைத்தது பெற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை வந்து கேட்டால் மாட்டிக்கொள்ளும், கேட்காவிட்டால் பொருள் போச்சு. பாவம், எல்லாரும் பொருளே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொன்றிலும் துணிக்குக் கட்டும் துண்டுச் சீட்டு ஒன்று தொங்கும்: ஆண்டு, எந்தத் துணி, என்ன நிறம், எந்தப் பை. உரிமை கொண்டாடி வருபவர் இயந்திரத்தின் அடையாளம் சொன்னால் செல்லாது, அது அலமாரியிலேயே தெரிகிறதே. துணியின் அடையாளம் சொல்ல வேண்டும். பழைய கேம்களைச் சேகரிக்கும் ஒருவர் பதினொன்றுக்கும் "நீல ஜீன்ஸ்" என்று அடித்துவிட்டுப் பார்த்தார். "உலகத்துல வேற துணியே இல்லையா சார்?" என்று அனுப்பிவிட்டார் அண்ணி.

ஆனால் அந்தச் சாம்பல் செங்கல் மட்டும் அலமாரியில் நிற்பது பெயருக்குத்தான். பாதி நாள் அது அண்ணியின் மேலங்கிப் பையில் இருக்கும். கடையின் மூன்றாம் நம்பர் இயந்திரம் பிழியத் தொடங்கினால் இடத்தைவிட்டு நகர்ந்து நடக்கும். ஏழு நிமிடம் யாராவது இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். கை இரண்டும் சும்மாத்தானே இருக்கிறது? இருபத்தெட்டு வருடமாக அந்த ஏழு நிமிடத்தில் அண்ணி அந்தத் திரையில் மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். இயந்திரம் குலுங்கும், அண்ணி குலுங்குவார், பெட்டியும் குலுங்கும். "நீட்டுக் கட்டையே, வாயேன்டா! எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று அவர் கெஞ்சுவது தெருவரைக்கும் கேட்கும். எவ்வளவு புள்ளி எடுத்தாலும் அணைத்தால் அந்தப் பெட்டியில் ஒன்றும் நிற்காது. "நம்ம பொழப்பு மாதிரிதான். இன்னிக்கு வெளுத்தது நாளைக்கு அழுக்கு" என்று சிரிப்பார்.

போன செவ்வாய்க்கிழமை, படுக்கை விரிப்பு மூட்டையோடு ஒருவர் வந்தார். முன்நெற்றி ஏறத் தொடங்கிய வயது. சீட்டு வாங்கியவர் நகரவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தச் சாம்பல் கலர்... அது நான் தொலைச்சது மாதிரி இருக்கு."

அண்ணி அலமாரிக்குக் குறுக்கே நகர்ந்து நின்றார். "எந்தத் துணி?"

"எங்கம்மா கோட்டு. பதினோரு வயசுல உள்பாக்கெட்ல ஒளிச்சு வச்சேன். என்னோடதுகூட இல்ல, கூடப் படிச்சவனோடது. ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்கினேன். தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா அவன் நம்பல. இன்னிக்கும் என்னைத் திருடான்னுதான் கூப்பிடுவான். சிரிச்சுக்கிட்டேதான் கூப்பிடுவான். ஆனா ஒரு தடவைகூட விட்டதில்ல."

"கோட்டு என்ன கலர்?"

"கறுப்பு."

கொழுந்தனார் எட்டிப் பெட்டியில் தொங்கிய சீட்டைப் பார்த்தார். பெண்கள் கோட்டு, கருநீலம், உள்பை. "தப்பு!" என்று இஸ்திரிப் பெட்டியை டக்கென்று நிமிர்த்தி வைத்தார். "கலர் தப்பு அண்ணி!"

"அப்போ வேற யாரோடதோ போல. மன்னிச்சுக்குங்கம்மா" என்று அவர் போய்விட்டார்.

அண்ணிக்கு உயிர் திரும்பி வந்தது. சட்டமென்றால் சட்டம்தான். அதைப் போட்டது யார்? தான்தான், அதனாலென்ன! அன்று மூன்றாம் நம்பர் ஆடியபோது பாட்டுக்கூட முணுமுணுத்தார். ஆனாலும் கட்டைகள் கோணல்மாணலாகவே விழுந்தன, ஒரு வரிசையும் சேரவில்லை.

மறுநாள் காலை துணி பிரிக்கும்போது கொழுந்தனார் ஒரு கால்சட்டையைக் கறுப்புக் குவியலில் விட்டெறிந்தார்.

"கொழுந்தனாரே, கண்ணை எங்க வச்சிருக்கீங்க? அது கறுப்பா? கருநீலம்! வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. முப்பது வருஷம் துணியோட கிடக்கறீங்க, இன்னும் இதுகூட..."

பாதியில் நின்றுவிட்டார். கால்சட்டையை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைக்குள் கொண்டுவந்து பார்த்தார். உள்ளே கறுப்பாகத்தான் இருந்தது.

"ஏன் அண்ணி, என்ன ஆச்சு?"

"பதினோரு வயசுப் புள்ளைக்குக் கருநீலம் எங்கேர்ந்து தெரியும்? அடப் பாவமே, நான் என்ன கேள்வி கேட்டேன்!"

"சும்மா இருங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதே" என்று கத்திய கத்தலில் கொழுந்தனார் இஸ்திரி மேசைக்கே திரும்பிப் போனார்.

சாயங்காலம் அந்த வாடிக்கைக்காரர் விரிப்பு வாங்க வந்தபோது, விரிப்பின் மேல் மடிப்பில் அந்தப் பெட்டி இருந்தது. திரையைத் துடைத்து, பேட்டரி முனைகளைக் வினிகர் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்து, புதுப் பேட்டரி நாலும் போட்டிருந்தார் அண்ணி.

அவர் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அம்மா கோட்டு கருநீலம் தம்பி. இனிமே யார் கேட்டாலும் சரியாச் சொல்லுங்க" என்றார் அண்ணி. "உங்க கூட்டாளி கையில குடுத்துட்டு, இனிமே பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. அப்புறம், அந்த நீட்டுக் கட்டைக்காக ஓரத்துல இடம் விட்டு வைக்கவே வேணாம்னு சொல்லுங்க. தேவைப்படறப்ப அது வராது."

"இதுல நீங்க ஆடுவீங்களாம்மா?"

"எனக்கு எங்க நேரம்? போயிட்டு வாங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை அண்ணி துண்டுச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் மூன்றாம் நம்பர் உறுமியது. ஓடிப்போய் இடுப்பை முட்டுக்கொடுத்தார். வலது கை தானாக மேலங்கிப் பைக்குள் போனது. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. பிறகு பையை வெளியே இழுத்து, மூலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினார்.