கற்பூரம் மணத்த கொண்டைப்பிடி

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டு மாடியில் அக்காவும் நானும் குடியிருந்தோம். அத்தான் கப்பல் வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார்.

அக்காவுக்குக் கனமான கூந்தல். தெருமுனை தாண்டுவதற்குள் கொண்டை சரிந்துவிடும். எரிச்சலில் ஒருநாள், உடைந்த செல்லுலாய்ட் சீப்பொன்றைக் கொதிநீரில் போட்டாள். அது இளகியது. கொண்டைக்குத் தக்கபடி வளைத்து, குளிர்ந்த நீரில் முக்கினாள். இறுகிய பிடியைச் செருகிக்கொண்டு வெளியே போனாள், கொண்டை அசையவில்லை.

குழாயடியில் பார்த்த பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள். அக்கா வளைத்தாள், நான் அரத்தால் ஓரம் தேய்த்தேன். உடைந்த சீப்புகள் போதாமல் போனபோது, கீழே கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் 'நானா' என்று அழைப்பவர், செல்லுலாய்ட் தகடுகளை வரவழைத்துத் தந்தார். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்துகூட வியாபாரிகள் தேடி வந்தார்கள். உதவிக்குப் பெண்களை வைத்தோம்.

அறையெங்கும் கற்பூர வாசம். வெயில் ஏறினால் மூச்சு முட்டும். ஒருநாள் ஒரு சிறு துண்டு அடுப்பில் தெறித்தது. சத்தமே இல்லாமல் கை நீளத்துக்கு வெள்ளைத் தீ எழுந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் புருவம் கருகியது. அவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

நானா படியில் நின்றபடியே சொன்னார்: "தங்கச்சி, இது கற்பூரம் கலந்த சாமான்லா. ஒரு பொறி போதும். அடுப்ப வேற எங்கயாச்சும் வைங்க."

தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றாள் அக்கா. அதன்பின் அடுப்பு மூட்டும்போதெல்லாம் ஒரு சாக்கை நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், நடுப்பகலில், தண்ணீர் கொதித்ததா என்று பார்க்க அக்கா குனிந்தாள். சாக்கின்மேல் வைத்திருந்த தகடுகளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் தலைக்குப் பின்னால், கொண்டைப்பிடியில் வெளிச்சம் தெரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பின்தலையில் முடி திரும்ப முளைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும் நாளில் மெதுவாகக் கேட்டாள்: "மாட்டுக் கொம்பும் சுடுதண்ணில இளகும்ல? அது இப்படிப் பத்திக்காதுல்ல?"

கொம்பில் செய்த பிடிதான் எங்களுக்குச் சொந்தக் கடை வாங்கித் தந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஊரெங்கும் சொல்லி அனுப்பினோம். சிலர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குப் பழையதன் பளபளப்பே பிடித்திருந்தது.

மாதா கோயிலில் ஞாயிறு பூசையின்போது, மெழுகுவர்த்தி ஏற்றக் குனியும் பெண்களின் கொண்டைகளை அக்கா ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். கடைசிப் பெண் நிமிரும்வரை எங்கள் வாயில் ஜெபம் வராது.