நான் அடைப்பித்த வேலிப் பொட்டு

அன்று வேலியடியில் நின்றவர்கள் மூன்று பேர்: கையில் கத்தியும் கயிறுமாக என் மனுசன், இடுப்பில் பிள்ளையோடு நான், வேலிக்கு அந்தப் பக்கம் ரீச்சர். பிள்ளையையும் சேர்த்தால் நாலு. இரண்டு வளவுக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து போய்வர விட்டிருந்த பொட்டை, கதியால் தடிகள் நட்டு, முள் வைத்துக் கட்டி அடைத்தோம். ரீச்சர் கையிலிருந்த பென்சிலை உருட்டிக்கொண்டு நின்றார்.

ஐம்பதுகளின் கடைசி அது. உருத்திரபுரத்தில் எங்களுக்குக் குடியேற்றக் காணி கிடைத்துச் சில வருசம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க மாற்றலாகி வந்த ரீச்சர் பக்கத்து வளவில் தனியாக இருந்தார். கவிதை எழுதுவார், பத்திரிகையில் வரும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பாம்பு கடித்தால், காய்ச்சல் வந்தால் இந்த மனிசிக்கு யார் என்ற பயம்தான் தெரியும். தேத்தண்ணி, பிட்டு, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா ஒரு கதை என்று நாளுக்குப் பத்துத்தரம் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டுவேன். கூப்பிட்டுப் பதில் வரப் பிந்தினால் குனிந்து உள்ளேயே போய்விடுவேன்.

ஒருநாள் ரீச்சர் சொன்னார்: "தங்கச்சி, கோவிக்கக்கூடாது. பின்னேரத்திலை ரெண்டு மணித்தியாலம் என்னைத் தனிய விடுமன். ஒரு வரி வரேக்குள்ளை நீர் வாறீர், வரி போயிடுது."

மனுசனிடம் சொல்லி அழுதேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ரை கரைச்சல் தாங்கேலாமல் நானே வயலுக்கை போய்க் கிடக்கிறன். அவா பாவம்!"

அந்தச் சிரிப்புத்தான் சுட்டது. ரீச்சர் கேட்டது இரண்டு மணித்தியாலம். நான் முழுதாகவே அடைப்பித்தேன்.

மூன்று மாதம் போனது. காலையில் அவருடைய கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். பத்திரிகையில் அவர் பெயரைக் காணவில்லை என்று மனுசன் கடையில் பார்த்துவந்து சொன்னார். பிறகு ஒருநாள் ரீச்சர் றோட்டால் சுற்றி எங்கள் படலைக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"எழுதிறியளே ரீச்சர்?"

"இல்லை. இப்ப நாள் முழுக்க ஒருதரும் வாறேல்லை. நீர் வர முந்தி முடிக்கவேணும் எண்டு அவதிப்பட்டுத்தான் அவ்வளவும் எழுதினனான் போலை. பொட்டைத் திறவுமன், தங்கச்சி."

"ஓம்" என்றேன். திறக்கவில்லை. கோபத்தில் அல்ல. திறந்தால் எத்தனை மணிக்குப் போவது, எத்தனை தரம் போவது, திரும்பவும் ஒரு வரியைக் கெடுத்துவிட்டால்? யோசித்து யோசித்து இருக்க வயலில் நெல் அருவி வெட்டும் முடிந்தது, ரீச்சருக்கு மாற்றலும் வந்தது. போகும்போது தன் கவிதைக் கொப்பியை என் கையில் வைத்தார். "உமக்குத்தான்" என்றார்.

இப்போது அதே எல்லையில் மகன் மதில் கட்டுகிறான். "அம்மா, அந்தப் பக்கம் போக வழி விடவோ?" என்று மேசன் கேட்டார். அந்த வளவில் இன்று ஒருவரும் இல்லை. "வேண்டாம், அடையுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கொப்பியை எடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்குக் கவிதை முழுதாக விளங்குவதில்லை. கடைசிக் கவிதையில் ஒரு வேலி, குனிந்து வரும் ஒருத்தி, அவள் கையில் தேத்தண்ணி. பாதியில் நிற்கிறது. மேலே, நாங்கள் பொட்டு அடைத்த நாளின் திகதி. அதற்குப் பிறகு எழுதாத தாள்கள். எண்ணினேன். முப்பத்தொன்று.