பாவாவின் சஹன்

திகனவில் கல்யாண வீடு. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனின் மூடியைத் திறந்ததும், நெய்ச்சோற்று மணம் என்னைச் சிறுவயதில் எங்கள் ஊர்த் துறவி பக்கீர் பாவா வைத்த கந்தூரி விருந்துக்குக் கொண்டுபோனது.

பாவாவின் வயலோரக் குடில். பனியும் சாம்பிராணிப் புகையும் கலந்து, ஆட்கள் கனவில் வருபவர்கள் போல அசைந்தார்கள். "உழுறவனுக்குத்தான் காணி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் பாவா. குத்தகைக்கு உழுத வயலைவிட்டு வாப்பாவைப் போகச் சொல்லியிருந்த காணிக்கார ஹாஜியாரை, அன்று வாப்பாவின் சஹனிலேயே இருத்தினார்.

"ஒங்கட முன்னால இருக்கிறத மட்டும் தின்னுங்க ஹாஜியார். அடுத்தவர் பக்கம் கை நீட்டப்படாது" என்றார் பாவா.

ஹாஜியாரின் கை சோற்றிலேயே நின்றது. வாப்பா தன் பக்கத்து இறைச்சித் துண்டை மெல்ல அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

அடுத்த போகமும் அந்த வயலை வாப்பாதான் உழுதார்.

இன்றும் சஹனில் என் விரல்கள் முதல் துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்கே தள்ளுகின்றன.