ரோஜாவுக்குக் கவ்வாத்து

பங்களாத் தோட்டத்துக்கு என்னை மாற்றிய மூன்றாம் நாளே என் வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

அதுவரை சாந்தன்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். செடியை ஒரே மட்டமாக வெட்டிவிட்டு மறுபடி தளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த ஒரு வேலைதான் சுத்தமாகத் தெரியும். அட்டை கடித்துக் கால் புண்ணாகிப் போனதால், கங்காணி பரிந்து பேசி என்னை மேலே பங்களாவுக்கு அனுப்பினார்.

தை பிறந்திருந்தது. எஸ்டேட் துரையின் மனைவி, எங்களுக்குத் துரைசாணி, ரோஜாச் செடிகளைக் காட்டினார்.

"தாசன், இதுக்குக் கவ்வாத்து பண்ணு. மாசி முடிய நம்ம தங்கச்சி சீமையிலேருந்து வருது. பூ நிறைய வேணும்."

தெரிந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அளவுக் குச்சி வைத்து இருபத்துநான்கு செடிகளையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். மேசை போட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் வந்த கங்காணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்க?"

"கவ்வாத்துதான் அண்ணாச்சி. அம்மா சொன்னாங்க."

"தேயிலைன்னு நெனச்சியாக்கும்! ரோஜாவுக்குப் பட்ட கம்பு, நோஞ்சான் கம்பு பாத்து எடுக்கணும்லே. பூக்கலைன்னா நீ திரும்ப அட்டைக்குத்தான்."

துரைசாணி திட்டவில்லை. "பூ வருமா தாசன்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

தினமும் விடிந்ததும் போய் ஒவ்வொரு குச்சியையும் தடவிப் பார்ப்பேன். என் மனைவி ஞானத்துக்குப் பொறுக்கவில்லை.

"குச்சிய மொறச்சுப் பாத்தா மொளச்சிருமா? பங்களாப் பூச்சாடி காலியாக் கெடக்காம். வாங்க, மலையில எதாச்சும் பறிப்போம்."

மேட்டில் காட்டுப்பூவரசு மரமெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது. புல்லுக்குள் பேர் தெரியாத நீலப்பூ. எட்டு வருஷம் அதே மலையில் வேலை செய்திருக்கிறேன். கவ்வாத்துக்காரன் கண் செடியின் இடுப்புக்கு மேலே போகாது. ஞானம் ஒரு பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"காட்டுக் காவலுக்கு வர்ற வாச்சர் பாத்தா என்ன செய்ய?" என்றேன்.

"அவருக்கும் ஒண்ணு குடுப்போம். நீங்க மொதல்ல மூஞ்சிய நேரா வைங்க."

அன்றிலிருந்து நாள் தவறாமல் போனோம். துரைசாணியும் எந்தப் பூ எங்கே கிடைத்தது என்று ஆசையாகக் கேட்பார். வெட்டிய இருபதாம் நாள் குச்சியில் சிவப்பாக ஒரு முளை. தொட்டால் உதிர்ந்துவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் தங்கச்சி வந்தார். இரண்டு செடி பட்டுப்போயிருந்தது. மற்ற இருபத்திரண்டும் ஒரே மட்டத்தில், ஒரே நேரத்தில், இலை தெரியாமல் பூத்துக் கிடந்தன. அவர் புல்லில் உட்கார்ந்து இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்து இரண்டு அடி பின்னால் ஒதுங்கினேன்.

துரைசாணி திரும்பினார். "செடி குட்டையா இருக்கிறதாலே பூவுக்கு மேலே மலை முழுக்கத் தெரியுதாம். ரொம்ப அழகாம். ஆனா தாசன், அடுத்த வருஷம் என்னைக் கேட்டுட்டு வெட்டு."

வேலை நிலைத்தது. தோட்ட வேலைக்கு வரும் இளவட்டங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரியாத வார்த்தையைக் கண்டு பயப்பட வேண்டாம். அதற்கு என்ன அர்த்தம் என்று நாமே கேட்டுவிடுவோம். தெரிந்த வார்த்தை காதில் விழும்போதுதான் கத்தியைக் கீழே வைக்க வேண்டும்.